அப்புவைப் படுக்க வைக்காதீர்கள்

பத்து நாள் கட்டிலில் கிடந்தால் ஒரு மனிதரின் கால்களில் எவ்வளவு குறையும்? 2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதை அளந்தே பார்த்தார்கள். நோய் எதுவும் இல்லாத, சராசரி 67 வயதுள்ள ஒரு சிறு குழுவினரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். முடிவில் இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. முழங்காலை நீட்டும் வலு ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, எலும்பு முறிவு இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடும் கிடைத்தது. படுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான குருநகரில் இந்தக் கணக்கைச் சொன்னால் நம்புவதற்கு ஆட்கள் குறைவு. நாற்பது, ஐம்பது வருடம் ஆடுகிற வள்ளத்தில் ஊன்றி நின்ற கால் பத்து நாளில் தளர்ந்து போகுமா என்று கேட்பார்கள். ஆனால் அதே ஊரில் ஒரு வீட்டு முதியவரான அப்புவுக்கு ஒரு காய்ச்சல் வரட்டும். "நீங்கள் ஒண்டுக்கும் எழும்ப வேண்டாம் அப்பு, எல்லாத்தையும் கட்டிலுக்குக் கொண்டுவாறம்" என்று மகள் சொல்லிவிடுவாள். சாப்பாடு கட்டிலுக்கு வரும், சலப் போத்தல் கட்டிலுக்கு வரும். காய்ச்சல் நாலு நாளில் விட்டுவிடும். இரண்டு கிழமை கழித்து எழுப்பினால் அப்புவால் நிற்க முடியாது. "வயசு போச்சுதானே" என்று வீடு அதை ஏற்றுக்கொள்ளும். வயதுக்கு இதில் பங்கு கொஞ்சந்தான். பெரும்பங்கு கட்டிலுக்கு.

முதியோர் தாதியியலின் முதல் பாடம் இதுதான்: எது முதுமை, எது நோய், எது நாங்களே பராமரிப்பு என்ற பெயரில் செய்துவிட்ட சேதம் என்று பிரித்தறிவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு "வயது" என்று பெயர் வைத்துவிடுகிறோம். அதனால் மாற்றக்கூடிய எத்தனையோ விடயங்கள் மாற்றப்படாமலே போகின்றன.

யாழ்ப்பாண நகரின் தெற்கு ஓரத்தில், கடனீரேரியைப் பார்த்தபடி கிடக்கும் குருநகரை முந்திய தலைமுறை கரையூர் என்று அறியும். இறால், நண்டு, கடலட்டை, கூடு, வலை என்று கடலை நம்பிய ஊர். இங்கு முதுமை தனியாக வருவதில்லை, தொழில் இட்ட தழும்புகளோடு வருகிறது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலை வாழ்நாள் முழுக்கப் பார்த்த கண்களில் வெண்புரை வரும்; வெள்ளைவிழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதையும் வளரும். அட்டைக்குச் சுழியோடியவர்களின் காதுகள் நீரழுத்தத்தால் அடிபட்டிருக்கும். எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்தவர்களின் கேள்வித் திறனும் வயதுக்கு முன்பே குறைந்திருக்கும். குந்தியிருந்து இறால் உரித்த பெண்களின் முழங்கால் மூட்டுகளையும் விரல் மூட்டுகளையும் பார்த்தாலே தொழில் தெரியும். இவை எதுவும் கிளினிக் கொப்பியில் எழுதப்படுவதில்லை. எழுதப்படுவது பிரஷரும் சீனியும் கொலஸ்ட்ரோலும்.

சரி, முதுமை என்ற ஒன்று தனியாக உடலில் என்ன செய்கிறது? ஏறத்தாழ எல்லா உறுப்புகளிலும் கையிருப்பைக் குறைக்கிறது. தூரக் கடலுக்குப் போகிற வள்ளத்தில் மேலதிகமாக ஒரு கான் மண்ணெண்ணெய் வைத்திருப்பார்கள். காற்று அமைதியாக இருந்தால் அது இல்லாமலே கரை சேரலாம். காற்று மாறி எதிர்த்து அடிக்கிற நாளில்தான் அந்தக் கான் உண்டா, இல்லையா என்பது தெரியவரும். எண்பது வயதுச் சிறுநீரகமும் இதயமும் மூளையும் அன்றாட ஓட்டத்துக்குப் போதுமானவையாகவே இருக்கும். ஒரு கிருமித்தொற்றோ, இரண்டு நாள் வயிற்றோட்டமோ, புதிதாக ஒரு குளிசையோ வந்தால்தான் கையிருப்பு இல்லாதது வெளிப்படும்.

வெளிப்படும் இடமும் ஏமாற்றும். இளையவருக்கு நெஞ்சில் சளி கட்டினால் இருமல், காய்ச்சல், நெஞ்சு நோவு. முதியவருக்கு அதே நோய் வந்தால் அவர் முற்றத்தில் விழுவார், அல்லது சாப்பாட்டை ஒதுக்குவார், அல்லது ஆட்களை மாறிக் கூப்பிடுவார். உடலில் எந்த இடம் ஏற்கெனவே பலவீனமோ அந்த இடம் முதலில் உடைகிறது. பிரித்தானிய முதியோர் மருத்துவர் பேர்னாட் ஐசக்ஸ், அசைவின்மை, தள்ளாட்டம், சலம் மலம் அடக்க இயலாமை, அறிவுத் தடுமாற்றம் ஆகிய நான்கையும் முதியோர் மருத்துவத்தின் பூதங்கள் என்று அழைத்தார். நான்குமே நோயின் பெயர்கள் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று நடக்கிறது, தேடிப் பார் என்று சொல்லும் அடையாளங்கள். காய்ச்சல் மானியும் இந்த வயதில் முழுசாக நம்பத்தக்கதல்ல. முதியவரின் வழக்கமான உடல் வெப்பமே சற்றுக் குறைவு, கடுமையான தொற்றிலும் அது அதிகம் ஏறாமல் இருக்கலாம். "காய்ச்சல் இல்லைத்தானே" என்று பெரியாஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நேற்று இரண்டு துண்டு பிட்டுச் சாப்பிட்ட ஆச்சி இன்று ஒரு துண்டோடு நிறுத்திவிட்டார் என்பதைக் கவனிக்கிற பேத்தி எந்தக் கருவியையும்விட முந்திச் செய்தி சொல்வாள்.

தாகத்தை எடுத்துக்கொள்வோம். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், 67 முதல் 75 வயது வரையுள்ள நலமான ஆண்களும் இளைஞர்களும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். உடலில் நீர் குறைந்தது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்தது. முதியவர்களுக்குத் தாகம் அந்த அளவுக்கு எடுக்கவில்லை. பிறகு தண்ணீரை முன்னால் வைத்தபோதும் அவர்கள் குறைவாகவே குடித்தார்கள். சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் திறனும் இந்த வயதில் குறைகிறது. சோளகக் காற்று அடிக்கிற வறண்ட மாதங்களில், கிணற்று நீர் உவர்க்கிற ஒரு கரையோர ஊரில், இது சிறிய விடயம் இல்லை. பெண்கள் விடயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரவில் வெளியே உள்ள கழிப்பறைக்குப் போகப் பயந்து, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பல ஆச்சிமார் தண்ணீரைத் தொடுவதே இல்லை. இதை அவர்கள் யாருக்கும் சொல்வதுமில்லை.

ஆகவே "தண்ணி வேணுமோ?" என்று கேட்பது வீண். வேண்டாம் என்றுதான் பதில் வரும். கேட்காமலே கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும்: காலையில் கஞ்சி, பதினொரு மணிக்குத் தேத்தண்ணி, மத்தியானம் சொதி, பின்னேரம் இளநீர். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்வற்றலை அறியும் பழைய முறை முதியவரிடம் பலிக்காது. அந்தத் தோல் எப்போதும் தளர்ந்துதான் இருக்கும். நாக்கு உலர்ந்திருக்கிறதா, சலம் தேத்தண்ணி நிறத்தில் போகிறதா என்று பார்ப்பது மேல். இதய பலவீனம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மாத்திரம் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கு இளநீரில் உள்ள பொற்றாசியமே தீங்காகலாம்.

இப்போது மீண்டும் கட்டிலுக்கு வருவோம். ஏனென்றால் வீட்டில் நடக்கும் பெரும் சேதம் அங்கேதான்.

தசை கரைவதைச் சொன்னேன். அது ஒன்றுதான் என்றால் சமாளிக்கலாம். மல்லாந்து கிடக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரிவதில்லை, அங்கே சளி தேங்கி நியூமோனியா வரும். காலின் உட்புற நாளங்களில் இரத்தம் உறையும். குடல் மந்தமாகி மலம் இறுகும். இறுகிய மலம் சலப்பையை அழுத்த, சலம் அடைத்துக்கொள்ளும். எழுந்து நிற்கும்போது இரத்தத்தைத் தலைக்கு ஏற்றுகிற அனிச்சைச் செயலும் பழக்கம் விட்டுப் போகும். அதனால் பல நாள் கழித்து எழுப்பும்போது கண் இருண்டு விழுவார். விழுந்துவிட்டார் என்று மறுபடி படுக்க வைப்பார்கள்.

பிறகு படுக்கைப்புண். முதுமையில் மேல்தோலும் அதன் கீழ்த்தோலும் கோத்திருக்கும் பிடிப்பு தட்டையாகித் தளர்கிறது, கொழுப்பு மெத்தையும் மெலிகிறது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் சதையில் நுண்நாளங்கள் மூடிக்கொள்ள, சில மணி நேரத்திலேயே திசு சாகத் தொடங்கிவிடும். புட்டத்தின் மேல் எலும்பு, இடுப்பு, குதிக்கால், கணுக்கால், பின்தலை ஆகிய இடங்களை ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். பாடப்புத்தகங்கள் "சிவந்திருக்கும்" என்று எழுதியிருக்கும். அவை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை. எங்கள் தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ இறுகியோ இருக்கும் இடந்தான் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது வீடுகளில் சாதாரணம். தேய்த்தால் நொந்த திசு இன்னும் கிழியும்.

எதைப் பூசினால் புண் வராது என்ற தேடல் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. லண்டன் மருத்துவமனைகளிலும் ஸ்பிரிட், சவர்க்காரம், பவுடர், களிம்பு என்று ஒவ்வொரு வார்டிலும் ஒரு வழக்கம் இருந்தது. டொரீன் நோட்டன் என்ற தாதி, தம் சகாக்களோடு சேர்ந்து இதை முறையாக ஆராய்ந்து 1962இல் நூலாக வெளியிட்டார். முதியோர் தாதியியலின் முன்னோடி ஆய்வுகளில் ஒன்று அது. பூச்சுகள் எதுவும் பொருட்டே இல்லை, நோயாளியை ஒழுங்காகப் பக்கம் மாற்றிக் கிடத்துவதுதான் பயன் தருகிறது என்று அவர் காட்டினார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, சலம் மலம் அடக்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் புள்ளி போட்டு யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லும் நோட்டன் அளவுகோலும் அந்த ஆய்வில் பிறந்ததுதான். மொத்தம் 20 புள்ளி, 14க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் எச்சரிக்கை. தாதியர் மருத்துவரின் கட்டளையை நிறைவேற்றுகிறவர்கள் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு நோட்டனின் பெயரைச் சொல்லலாம்.

படுக்கையிலேயே இருக்க வேண்டியவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பக்கம் மாற்றுவது வழமையான விதி. முழுப் பக்கமாகத் திருப்பாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி அரைச் சரிவாகக் கிடத்தினால் இடுப்பெலும்பு அழுந்தாது. குதிக்கால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை. மேலே நகர்த்தும்போது அக்குளில் பிடித்து இழுக்காமல், கீழே விரித்த துணியோடு இரண்டு பேர் தூக்க வேண்டும். இழுக்கும்போது தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் போகும். காற்றடித்த இறப்பர் வளையத்தை இன்னும் வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது நடுவில் உள்ள சதைக்கு இரத்தம் போகாமல் சுற்றி இறுக்குமே தவிர உதவாது.

ஆனால் பக்கம் மாற்றுவதைவிடப் பெரிய காரியம் கட்டிலை விட்டு இறக்குவது. 1935இல் லண்டனுக்கு அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வொரன் என்ற பெண் மருத்துவர், பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியின் 714 நோயாளிகளைப் பொறுப்பேற்றார். தீராத நோயாளர் என்று ஒதுக்கப்பட்டு வருடக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்து, எழுப்பி, நடக்கப் பழக்கினார். கணிசமானோர் எழுந்து நடந்தார்கள், சிலர் வீட்டுக்கும் போனார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறையே அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள்.

தசை எந்த வயதிலும் மீளும் என்பதற்கும் சான்று உண்டு. 1990இல் போஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய, நலிந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார் மரியா ஃபியாட்டரோன். தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. குருநகரில் இதற்கு ஜிம் தேவையில்லை. கைப்பிடியுள்ள கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து இருப்பது, முடிந்த அளவு, காலையும் மாலையும். முதல் நாள் மூன்று முறை முடிந்தால் போதும்.

எழுப்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இருத்தி, பாதங்களை மேலும் கீழும் ஆட்டச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து நிற்க வைக்கலாம். நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20, அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. பிரஷர்க் குளிசையோ சலம் போவதற்கான குளிசையோ கூடிவிட்டிருக்கலாம். பிரஷரை இருத்தி வைத்து மட்டும் பார்க்கும் கிளினிக்கில் இது பிடிபடாது. தொடர்மாடிக் குடியிருப்பில் மேல்மாடியில் வசிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை, படிக்கட்டில் ஒரு முறை கண் இருண்டால் போதும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் உடனே பெரியாஸ்பத்திரிதான். முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப்போட்டுக் கட்டி மூன்று மாதம் படுக்க வைப்பதை இந்த முறிவுக்கு மட்டும் செய்யாதீர்கள். சத்திரசிகிச்சை செய்து அடுத்த நாளே எழுப்பி நிறுத்துவதுதான் உயிரைக் காக்கும் வழி.

பம்பர்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சலத்தை அடக்கத் தெரிந்த ஒருவருக்கு, கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்ற காரணத்தால் பம்பர்ஸ் கட்டுவது வீட்டாரின் வசதிக்கான ஏற்பாடு, அதை மருத்துவம் என்று சொல்லக் கூடாது. கொஞ்ச நாளில் அவர் உண்மையிலேயே அடக்க முடியாதவராகிவிடுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கொமட் கதிரை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை ஒரு நினைவூட்டல், இவை போதும் பலருக்கு.

அடுத்தது மனத்தடுமாற்றம். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்றிரவு எழுந்து, செத்துப்போன தம்பியோடு பேசுகிறார். வலை கிழிஞ்சுபோச்சு, கரைக்கு வா என்கிறார். "அங்கையிருந்து கூப்பிடினம் போலை" என்று வீடு செபமாலையை எடுக்கும். செபிக்கட்டும். ஆனால் அதோடு சேர்த்து ஒரு மருத்துவரையும் அழைக்க வேண்டும். சில மணி நேரத்தில், சில நாளில் திடீரென்று வருவதும், காலையில் தெளிந்து இரவில் குழம்புவதும், கவனம் நிலைக்காமற் போவதும் மனத்தடுமாற்றத்தின் குறிகள். மாதங்கள், வருடங்கள் எடுத்து மெல்ல வரும் மறதிநோய் வேறு. சோதிப்பது எளிது: கிழமை நாட்களைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் நடுவில் தொலைந்துபோனால் காரணம் தேட வேண்டும். சலத்தொற்று, நீர்வற்றல், மலச்சிக்கல், சலம் அடைப்பு, வலி, புதுக் குளிசை, சாப்பிடாத நாளில் போட்ட சீனிக் குளிசையால் இரத்தத்தில் சீனி இறங்கியது என்று பட்டியல் நீளும். தடிமனுக்கு எல்லோரும் போடுகிற பிரிட்டோன் (Piriton) குளிசைகூட எண்பது வயது மூளையைக் குழப்பப் போதும்.

இதற்கு ஓர் அமைதியான வடிவமும் உண்டு. அப்பு சத்தம் போடமாட்டார், நாள் முழுக்க உறங்கிக்கொண்டே இருப்பார், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுவார். "இண்டைக்கு அப்பு குழப்படி இல்லை" என்று வீடு நிம்மதியாக இருக்கும். கூடுதல் ஆபத்து இந்த வடிவத்தில்தான்.

இதைத் தடுக்க முடியுமா? யேல் பல்கலைக்கழகத்தில் ஷெரன் இனோய் குழுவினர் 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஒரு தரப்புக்கு வழக்கமான சிகிச்சை. மற்றத் தரப்புக்கு அதோடு, நாளும் இடமும் சொல்லிப் பேசுவது, மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுவது, நடத்துவது, குடிக்கக் கொடுப்பது, இரவில் குளிசை இல்லாமல் உறங்க உதவுவது. மனத்தடுமாற்றம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாக இறங்கியது. புதிய மருந்து ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாமே ஒரு பேரப்பிள்ளை செய்யக்கூடியவை.

குருநகரில் தடுமாறிய மனம் எங்கே போகும் என்பதைப் பராமரிக்கிறவர் அறிந்திருக்க வேண்டும். 1986 ஜூன் 10இல் மண்டைதீவுக் கடலில் இந்த ஊரின் மீனவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1993 நவம்பர் 13இல் புனித யாகப்பர் ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்து நடந்தது. அன்று முப்பது, நாற்பது வயதில் இருந்தவர்கள்தான் இன்றைய முதியவர்கள். மறதிநோய் அண்மைய நினைவுகளை முதலில் எடுத்துக்கொள்ளும், பழையவற்றை விட்டுவைக்கும். ஆகவே வெடிச் சத்தத்துக்கு ஒரு ஆச்சி கட்டிலுக்கு அடியில் புகுந்தால் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள், அதட்டாதீர்கள். விளக்கைப் போட்டு, பெயர் சொல்லி, பக்கத்தில் இருங்கள். போரின் உளவடுக்களைப் பற்றி யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நிறைய எழுதியிருக்கிறார். அந்த வடுக்கள் முதுமையில் எப்படித் திரும்பி எழும் என்பது எங்கள் தாதியர் தனியாகப் படிக்க வேண்டிய பாடம். நல்ல நினைவுகளும் இப்படித்தான் தங்கும். பெயர் மறந்தவர்கள் இளமையில் பழகிய நாட்டுக்கூத்துப் பாட்டை முதலடி எடுத்துக் கொடுத்தால் முழுக்கப் பாடுவார்கள். குளிக்க மறுக்கிற அப்புவைப் பாடிக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் அதுவும் தாதிமைதான்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. சீனிக்கு ஒரு கிளினிக், இதயத்துக்கு ஒன்று, நடுவில் தனியார் வைத்தியர், மூட்டு நோவுக்குப் பாமசியில் தாமாகவே வாங்கும் டைக்ளோபெனாக். பிரஷருக்கான சில குளிசைகளோடும் சலம் போவதற்கான குளிசையோடும் இந்த நோக்குளிசையும் சேர்ந்தால் நீர் வற்றிய சிறுநீரகம் சில நாளில் செயலிழக்கலாம். தசை குறைந்த முதியவரில் கிரியற்றினின் அளவு பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும், சிறுநீரகம் பாதி போயிருக்கும். எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் போட்டு வருடத்தில் இரண்டு முறையாவது ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு குறையும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் ஆச்சியின் கிளினிக் கொப்பி அவருக்கு வாசிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் இருக்கிறது.

வாயும் முக்கியம். ஜப்பானில் பதினொரு முதியோர் இல்லங்களில் செய்து 1999இல் வெளியான ஆய்வில், சாப்பாட்டுக்குப் பிறகு பல்லும் வாயும் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கே நியூமோனியா வந்தது, மற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கு. வாயிலுள்ள கிருமி விழுங்கும்போது நுரையீரலுக்குள் நழுவுகிறது, அவ்வளவுதான் காரணம். சாப்பிடும்போது நிமிர்த்தி இருத்துங்கள், சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். வெறும் சோற்றுக் கஞ்சியில் தசைக்கு வேண்டிய புரதம் இல்லை. மீனும் நண்டும் இறாலும் போட்ட ஒடியல் கூழை முள்ளும் ஓடும் நீக்கி, விழுங்கக்கூடிய தடிப்பில் கொடுத்தால் எந்த மாப்பால் டின்னையும்விட மேல், விலையும் குறைவு. காது கேளாதவரிடம் கத்தாதீர்கள். போனது மெல்லிய உயர் ஒலிகள். முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், மெதுவாகப் பேசினால் கேட்கும். அதற்கு முன் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அறுபது வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் மூன்றில் ஒன்றுதான். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்க ஒரு சிறு மின்குமிழ் எரியட்டும்.

இத்தனையையும் செய்வது யார்? மகள், மருமகள், சில வீடுகளில் பத்து வயதுப் பேத்தி. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற வீட்டில் காசு மாதாமாதம் வரும், பக்கம் மாற்றிக் கிடத்த ஆள் வராது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் புறக்கணிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறது. கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. சட்டத்துக்கும் இல்லத்துக்கும் நடுவில், வீட்டிலேயே இருக்கிற முதியவருக்கும் அவரைத் தூக்கித் தூக்கி முதுகு நொந்த பெண்ணுக்கும் கைகொடுக்க முறையான ஏற்பாடு போதாது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 சதவீதம். அதன் பிறகு அந்த விகிதம் ஏறிக்கொண்டேதான் போகிறது.

வீடு தேடிப் போகும் சுகாதார சேவை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. கர்ப்பிணித் தாயையும் பச்சைப் பிள்ளையையும் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் குருநகரின் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் போகிறார், எடை நிறுக்கிறார், கொப்பியில் பதிகிறார். பேறுகால மரணங்களை இலங்கை குறைத்ததில் அப்படிப்பட்ட நடைக்குப் பெரும்பங்கு உண்டு. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒவ்வொருவரின் வீட்டுக்கும் அதேபோல் ஒரு சமூகத் தாதி மாதம் ஒரு முறை போக வேண்டும். நிறுத்தி வைத்துப் பிரஷர் பார்க்கவும், குளிசைப் பையைக் கொட்டிப் பார்க்கவும், குதிக்காலைத் தொட்டுப் பார்க்கவும், மகளுக்குத் தூக்கும் முறையைப் பழக்கவும் அரை மணி நேரம் போதும். மாகாண சுகாதார அமைச்சு இதற்கான பதவிகளை உருவாக்க வேண்டும். அதுவரை, இதை வாசிக்கிற நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: நாளைக் காலைச் சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல், அப்புவைக் கைபிடித்து மேசைக்குக் கூட்டி வாருங்கள்.